பறை கற்றுத்தந்தவரும் வாத்தியார்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினார். பெரிய மைதானம். நூற்றைம்பது பிள்ளைகள் இருப்பார்கள். கழுத்தில் டிரம், கையில் ஊதுகுழல், கொடி. ஓடிக்கொண்டே அடிக்கிறார்கள், ஒரு அடி பிசகவில்லை. அங்கே இதற்கு 'டிரம் கோர்' என்று பெயராம். முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் ராணுவ டிரம்மையும் பியூகிளையும் வைத்து ஊர் ஊராகக் குழு ஆரம்பித்ததில் வளர்ந்தது. தேசிய அளவில் போட்டி நடக்கிறது. இளைஞர்களுக்கான குழுக்களில் இருபத்தொரு வயது வரைதான் சேர முடியும். கோடை விடுமுறை முழுக்கப் பேருந்திலும் பள்ளிக்கூட உள்ளரங்கத் தரையிலும் தூங்கி எழுந்து, வெயிலில் பயிற்சி எடுக்கிறார்கள்.

மாணவர் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஐயா, இங்க இதுல இருந்தவங்க கிட்ட பேசினா, எந்தப் பரிசு வாங்கினோம்னு சொல்றதில்ல. எங்க வாத்தியார் அன்னைக்கி ஒரு வார்த்தை சொன்னார்னுதான் ஆரம்பிக்கிறாங்க. நம்ம ஊர்ல அப்படி யாராவது இருந்தாங்களா?"

இருந்தார்கள் தம்பி. இரண்டு பேரைச் சொல்கிறேன். நடுவில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாமவர் நம் பி.இ.டி. சார். ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வருவதற்கு முந்தைய காலம். 1997-க்குப் பிறகு படித்தவர்களுக்கு லாரிச் சத்தம் இல்லாத ஊரே தெரியாது. அப்போது காலையில் பள்ளிக்கூட பேண்டு அடித்தால் சோளக்காட்டில் களை வெட்டுகிறவர்களுக்கும் கேட்கும். எங்களிடம் இருந்தது இரண்டு சைடு டிரம், ஒரு பேஸ் டிரம், ஒரு ஜோடி ஜால்ரா. ஒரு சைடு டிரம்மில் தோல் கிழிந்து ஒட்டுப் போட்டிருக்கும்.

என் வகுப்பில் ஒரு பையன் தினமும் தாமதமாக வருவான். காலையில் ஆட்டைப் பட்டியிலிருந்து ஓட்டி, பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவனால் கிளம்ப முடியும். நான் காரணம் கேட்கவில்லை. இரண்டு வருஷம் அவனை வாசலில் முட்டி போட வைத்தேன், அடித்தும் இருக்கிறேன். ஒரு ஜூலை மாதம் பி.இ.டி. சார் சுதந்திர தின அணிவகுப்புக்கு ஆள் எடுத்தபோது, நன்றாக வாசிக்கிற பையன்களையெல்லாம் விட்டுவிட்டு, பேஸ் டிரம்மைத் தூக்கி இவன் கழுத்தில் மாட்டினார். நான், "சார், இவன் நேரத்துக்கே வர மாட்டான்" என்றேன். அவர் என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. பையனிடம்தான் சொன்னார்: "டேய், இந்தச் சத்தம் விழுற எடத்துலதான் அத்தனை பேரும் இடது கால வைப்பான். நீ வரலைன்னா ஒருத்தனும் நடக்க முடியாது."

மறுநாள் நான் போகும்போது அவன் கொடிக்கம்பத்தடியில் டிரம்மோடு நின்றிருந்தான். பாட்டியை எழுப்பி இருட்டிலேயே ஆட்டை ஓட்டச் சொல்லியிருக்கிறான். அதன் பிறகு அவன் தாமதமாக வந்ததாக எனக்கு நினைவில்லை. என் பிரம்பு இரண்டு வருஷத்தில் செய்யாததை அந்த மனிதர் ஒரு வாக்கியத்தில் செய்தார். அந்த மாணவர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று நினைக்கிறேன். என்னை மன்னித்துவிடு தம்பி. உன்னிடம் காரணம் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது என் பெரிய தவறு.

தமிழ் ஆசிரியராக நான் ஆண்டுதோறும் ஐந்திணை நடத்தினேன். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று கரும்பலகையில் அட்டவணை போடுவேன், நீங்கள் மனப்பாடம் செய்வீர்கள். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன், "ஐயா, தொண்டகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டான். "அது ஒரு வகைப் பறை, எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த திணைக்குப் போய்விட்டேன்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு அதே மாணவனும் இன்னும் இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். "ஐயா, நாங்க பறை அடிக்கிறோம். எங்க தாத்தா சொல்லிக் குடுத்திருக்காரு" என்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் விழாவுக்கு ஆகாதுப்பா. வேற ஏதாவது கிராமியப் பாட்டுப் பாடுங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். வகுப்பில் அதற்குப் பிறகு அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பறையைக் கரும்பலகையில் எழுதத் தெரிந்த எனக்கு, வாசலுக்கு வந்த பறையை உள்ளே அழைக்கத் தெரியவில்லை.

இரண்டாமவர் ஒரு பறை ஆசான். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, வேறொரு பள்ளியில் இருந்தேன். விழாவுக்காகப் பத்து நாள் பிள்ளைகளுக்குப் பறை சொல்லித்தர அவரை அழைத்திருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். ஆசிரியர் அறைக்கு வந்தார். நாற்காலி இருந்தது. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் அது எனக்கு உறைத்தது.

முதல் நாள் ஒரு தாய் வந்து சத்தம் போட்டார். "எங்க மாமனாரு காலம் பூரா கூப்புட்ட எடத்துக்கெல்லாம் போயி அடிச்சாரு. குடுத்ததை வாங்கிக்கிட்டு வந்தாரு. எம்புள்ளைய நான் படிக்கத்தான் அனுப்புனேன்." அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு. எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஆசான் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதாம்மா. உங்க புள்ள மட்டும் அடிக்கணும்னா நானே சொல்லித்தர மாட்டேன். இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளையும் அடிக்கணும். அப்படின்னா மட்டும் அனுப்புங்க."

பிறகு எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி. இரண்டையும் உடனே தரவில்லை. முதலில் அடியை வாயால் சொல்லச் சொன்னார், தொடையில் தட்டச் சொன்னார், கால் போட்டு நடக்கச் சொன்னார். பிறகு வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தார். தோல் இறுகினால்தான் நாதம் எழும். எட்டக் காட்டினால் சூடு ஏறாது, ஒட்டிக் காட்டினால் தோல் போய்விடும். காய்ச்சுவது, சுமப்பது, சாம்பலைக் கூட்டுவது எல்லாம் முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும் செய்ய வேண்டும் என்பது அவர் சட்டம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் முறை வந்தபோது எழுந்து நின்றான், பறையைத் தொடவில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. ஆசான் அவனை வற்புறுத்தவில்லை. பறையை நீட்டியபடியே நின்றார். அந்தப் பயம் எனக்கும் தெரிந்த பயம்தான். எழுந்து போய் நான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். அடித்தேன், தகரத்தைத் தட்டின மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆசான் என் மணிக்கட்டைத் தொட்டுச் சொன்னார்: "சார், குச்சிய இவ்வளவு இறுக்கிப் புடிக்காதீங்க. பறை உங்களை ஒண்ணும் பண்ணாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐம்பத்தாறு வயதில் ஒரு வாத்தியார் எனக்குக் கிடைத்தார்.

நான்காம் நாள் அந்தத் தாய் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். எங்கள் தெருப் பையன் சாம்பல் கூட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் அவருடைய மகள் பயிற்சிக்கு வந்தாள். விழாவில் முன்வரிசையில் நின்று அடித்தவள் அவள்தான்.

இனி உறவுகளுக்கு ஒரு வார்த்தை. அந்த வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "ஏம்ப்பா, வாத்தியாரு, வயசான காலத்துல உனக்கு ஏன் இந்த வேலை? நாளைக்கி நம்ம வீட்டுல பொண்ணு எடுக்க யாரு வருவா?" என்று கேட்டீர்கள். அன்று பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நம் வீட்டுச் சாவுக்கும் சாமிக்கும் பறை வேண்டும், அடிக்கிறவர் மட்டும் தெரு முனையில் நிற்க வேண்டும் என்று வைத்திருந்தோம். வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான். பறையைத் தோளில் மாட்டியதற்கு இல்லை.

மதுரை மாவட்டம் அலங்காநல்லூரின் பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பல ஆண்டுகளாகப் பறையை மேடையேற்றி வருகிறார்கள். அமெரிக்கத் தமிழ்ச் சங்க விழாக்களில் கணினி வேலை செய்கிறவர்கள் வார இறுதியில் பயிற்சி எடுத்துப் பறை அடிக்கிறார்கள். அங்கே யாரும் என்ன தெரு என்று கேட்பதில்லை என நம்புகிறேன். இங்கேதான் இன்னும் கேட்கிறோம்.

நான் சொல்ல வருவது இதுதான். நம் அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல காரியம். ஆனால் போட்டிக்குப் பத்து நாள் முன்பு ஆசானைக் கூப்பிட்டு, முடிந்ததும் ஒரு சால்வை போர்த்தி அனுப்பினால் போதாது. வாரத்தில் இரண்டு பாடவேளை, வருஷம் முழுக்க, சம்பளத்தோடு அவர் வர வேண்டும். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் போன்றவற்றுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக அரசு எடுத்தது. மாதம் 5,000 ரூபாயில் தொடங்கிய வேலை அது. அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்தக் குறைச்சல் சம்பளத்துக்கும்கூடச் சான்றிதழ் கேட்டால் ஒரு பறை ஆசானால் காட்ட முடியாது. அவருடைய சான்றிதழ் அவர் கைதான். கேட்டுப் பார்த்து வேலை கொடுக்க ஒரு வழி வேண்டும்.

இன்னொன்று, அந்த ஆசான் வைத்த நிபந்தனை. பறை வகுப்பு என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும். ஒரு தெருப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்து அடிக்க வைப்பதாக இருந்தால், அந்தத் தாயின் கோபம்தான் நியாயம்.

படிப்பு கெடும் என்பவர்களுக்கு: பத்து நாள் ஒரே தாளத்தில் நிற்கக் கற்ற பிள்ளை, பக்கத்தில் இருப்பவன் அடிப்பதைக் காது கொடுத்துக் கேட்கக் கற்றிருக்கிறது. முப்பத்து நான்கு வருஷம் வகுப்பெடுத்த எனக்கு, கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் கடைசிவரை கஷ்டமாக இருந்தது.

தொண்டகம் எப்படி இருக்கும் என்று கேட்ட மாணவனே, நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இதைப் படித்தால் ஒரு போன் செய். பதில் அன்றைக்கே உன் தாத்தாவிடம் இருந்தது. அவரை வகுப்புக்கு அழைத்து வரச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்களுக்குத் தாளமோ, பறையோ, பேண்டோ, மேளமோ கற்றுத்தந்தவர் உயிரோடு இருந்தால் இந்தப் பொங்கலுக்குள் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள். அவர் சொன்ன வார்த்தை நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா,
ஆலத்தியூர்