கயிறு பிடிக்க யார் இருக்கா?



டி.வி. போட்டியில் பாடி ஜெயிப்பது நமக்குப் புதுசு இல்லை. விஜய் டி.வி.யில் ‘சூப்பர் சிங்கர்’ 2006-ல் ஆரம்பித்ததிலிருந்து பார்த்துக்கிட்டுத்தான் வர்றோம். ஆனால் அங்கே பட்டம் ஒருத்தருக்குத்தான். மற்றவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஊருக்குக் கிளம்பணும். ஐந்து பெண்களைப் பொறுக்கி எடுத்து, ‘இனிமேல் நீங்கள் ஒரே குழு’ என்று சொன்ன போட்டியும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. அது நம்மில் பலர் பிறக்கும் முன்பே நடந்தது.

2002-ல் சேனல் வி நடத்திய ‘பாப்ஸ்டார்ஸ்’ போட்டிதான் அது. நியூஸிலாந்தில் 1999-ல் ‘ட்ரூபிளிஸ்’ என்ற பெண்கள் குழுவை உருவாக்கிய நிகழ்ச்சியின் இந்தியப் பதிப்பு. சீமா ராம்சந்தானி, பிரதீச்சி மொஹபாத்ரா, நேஹா பாசின், மஹுவா காமத், அனுஷ்கா மன்சந்தா ஆகிய ஐந்து பேர் தேர்வானார்கள். குழுவுக்குப் பெயர் ‘விவா’. அதே வருஷம் ஆல்பம் வந்தது, ஓஹோவென்று பேசினார்கள். பிறகு? மஹுவா விலகினார். சில வருஷத்தில் குழுவே கலைந்துபோச்சு.

‘டி.வி.க்காரன் செஞ்ச பொம்மைதானே, அது எப்படி நிலைக்கும்?’ என்று சிலர் கேட்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாமும் ரேங்க் லிஸ்ட் பார்த்துச் சேர்த்த கூட்டம்தானே! முதல் நாள் ஒருத்தருக்கொருத்தர் பேரே தெரியாது. ஃபிட்டிங் ஷாப்பில் இரண்டு இரும்புத் துண்டு எடுத்த எடுப்பில் பொருந்துதா? அரத்தால் ராவி, பிடித்துப் பார்த்து, வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவணும். சேர்த்து வைத்தது குற்றமில்லை. ராவுவதற்கு நேரம் கொடுக்காததுதான் குற்றம்.

குரலில் குறை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அதே நேஹா பாசின் 2007-ல் ‘சத்தம் போடாதே’ படத்தில் யுவன் இசையில் பாடினார். அடுத்த போட்டியில் உருவான ‘ஆஸ்மா’ குழுவில் இருந்த நீத்தி மோகன் 2015-ல் ‘நானும் ரௌடிதான்’ படத்தில் அனிருத்தோடு பாடினார். தனித்தனியாக நின்றவர்கள் ஏன் சேர்ந்து நிற்க முடியவில்லை?

இங்கிலாந்தில் அதே 2002-ல் இதே மாதிரிப் போட்டியில் பிறந்த ‘கேர்ல்ஸ் அலவுட்’ குழுவைப் பாருங்கள். அந்த ஐந்து பெண்களின் பாட்டுகள் வரிசையாக 20 தடவை முதல் பத்து இடத்துக்குள் வந்தன. குழு கலைந்தது 2013-ல்தான். அவங்களுக்குப் பாட்டு எழுதி இசையமைத்த அணி கடைசிவரை பெரும்பாலும் ஒன்றேதான். போட்டி முடிந்த பிறகும் கூட நின்றார்கள்.

நம்ம கடற்கரைக்காரங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்தது 1961-ல். சங்கு குளிப்பது இன்றும் இருக்கு. முத்துக் குளித்த காலத்தில் மேலே தோணியில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று பெரியவங்க சொல்வாங்க. அக்கா தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கு, விடுவானா? ‘விவா’ கீழே குதித்தபோது மேலே கயிறு பிடிக்க யார் இருந்தா? டி.வி. அடுத்த வருஷப் போட்டிக்கும் அடுத்த குழுவுக்கும் போயிடுச்சு.

‘முதல் போட்டவங்களுக்குத்தானே லாபம்?’ என்று கேட்கலாம். முதல் அவங்களுடையது சரி, மூச்சு யாருடையது? எந்தக் குழுவானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூணு கேள்வி கேட்கணும். பெயர் யாருக்குச் சொந்தம்? எத்தனை வருஷம்? வருமானத்தில் பங்கு எவ்வளவு?

இது பாடுறவங்களுக்கு மட்டும் இல்லை. எங்கம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவங்க. எங்க வீட்டில் முதன்முதலாக ஒரு பத்திரத்தைப் படித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் நான்தான். அதனால் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த சீனியர் அக்கா ஒருத்தங்க கேம்பஸ் இண்டர்வியூவில் தேர்வாகி, இரண்டு வருஷ பாண்டில் படிக்காமலே கையெழுத்துப் போட்டாங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அங்கேயே மாட்டிக்கிச்சு. தேர்வான சந்தோஷத்தில் யாருக்கும் கேள்வி கேட்கத் தோணாது. அங்கேதான் மோசம் போகிறோம்.

இன்னொரு விஷயம். தமிழில் ஏன் இப்படி ஒரு பெண்கள் குழு பேர் வாங்கவில்லை? அமெரிக்காவில் 2023-ல் போட்டி வைத்து அமைத்த ‘கேட்ஸ்ஐ’ குழுவில் லாரா ராஜ் என்ற தமிழ்க் குடும்பத்துப் பெண் இருக்கிறார். இங்கே 2017-ல் பா.ரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து தொடங்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் இசைவாணி கானா பாடினார். 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஆனால் அத்தனை ஆண்களுக்கு நடுவே ஆரம்பத்தில் அவர் ஒருத்தர்தான் பெண். தனியாக ஒருத்தி ஜெயித்தால் கை தட்டுகிறோம். நாலு பேர் சேர்ந்து நின்றால் ‘எத்தனை நாளைக்கு?’ என்று கேட்கிறோம்.

டி.வி. வரும்வரை காத்திருக்க வேண்டாம். நம்ம ஆண்டு விழாவில் மாணவிகளுக்குக் கடவுள் வாழ்த்தும் வரவேற்பு நடனமும்தான் என்று எழுதாத சட்டமாகிவிட்டது. அடுத்த விழாவில் எல்லா பிரிவிலிருந்தும் ஐந்து மாணவிகள் சேர்ந்த பாட்டுக்குழு வேண்டும். பாட்டு அவங்களே எழுதணும். ஒரு விழாவோடு முடியாமல், டிப்ளமா முடியும்வரை பயிற்சிக்கு இடமும் நேரமும் யூனியன் வாங்கித் தரணும். குழுவின் பெயரும் முடிவும் அவங்களுடையதாக இருக்கணும்.

தோழிகளே, குதிக்க நாம் தயார். தோழர்களே, கயிற்றைப் பிடியுங்கள். பாதியில் மட்டும் விட்டுடாதீங்க!

— இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவி