"ஏலாது" என்பதற்கும் ஓர் அளவு



சென்ற வருடம் வலது தோள்மூட்டு நோவோடு கிளினிக்குக்குப் போனேன். "என்ன வருத்தம்?" என்று கேட்டார்கள். "கை நோகுது" என்றேன். வலி மாத்திரை தந்தார்கள். அடுத்த முறையும் அதே பதில், அதே மாத்திரை. சொல்ல வேண்டியதை நானும் சொல்லவில்லை.

பிள்ளையையும் மூட்டையையும் சுமந்து இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். உழைப்பதும் சமைப்பதும் ஒரே ஆள் என்றான வீட்டில் "ஏலாது" என்று சொன்னால் அடுப்பு எரியாது. அதனால் மகளுக்குத் தலை பின்ன முடியாமல் போனதைக்கூட மறைத்தேன். "வளர்ந்திட்டாய்தானே, நீயே பின்னு" என்று சமாளித்தேன்.

மூன்றாம் முறை இயன் மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே கடமையில் இருந்த தங்கச்சி, "அக்கா, இந்த நோவால செய்யக் கஷ்டமான மூன்று வேலையைச் சொல்லுங்கோ" என்றார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி போடச் சொன்னார். அறவே செய்ய ஏலாவிட்டால் 0. வருத்தம் வருமுன் செய்ததுபோலச் செய்ய முடிந்தால் 10.

கிணற்றில் தண்ணீர் அள்ள 3. தேங்காய் திருவ 4. மகளுக்குத் தலை பின்ன 2. அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. சராசரி 3.

இந்த முறையைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வேலைகள் சொல்லலாம். அவற்றை நாங்களே தெரிவு செய்வதால், எங்கள் கிணறும் திருவலையும் கணக்கில் வருகின்றன. சராசரி 2 புள்ளியாவது கூடினால்தான் உண்மையான முன்னேற்றம் என்று கொள்வார்கள்.

ஆறு கிழமை பயிற்சி செய்தேன். தேங்காய் திருவ 8, தலை பின்ன 6 என்று ஏறியது. தண்ணீர் அள்ள மட்டும் 4. சராசரி 6. "கிணற்று வேலைக்குப் பயிற்சி மட்டும் காணாது அக்கா, அள்ளுற விதத்தையும் மாத்த வேணும்" என்றார். கப்பி பூட்டி, அரை வாளியாக அள்ளத் தொடங்கினேன். "கை நோகுது" என்று மட்டும் சொல்லியிருந்தால் இது வெளியில் வந்திராது.

நீங்களும் ஒரு கொப்பியில் திகதி போட்டு மூன்று வேலைகளையும் புள்ளிகளையும் எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மீண்டும் புள்ளி போடுங்கள். உடம்பில் செல் துண்டு இருந்தால் அதையும் குறியுங்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதுகு நோவோடு கால் விறைத்தாலோ, சலம் கட்டுப்படாமல் போனாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போன கிழமை மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிட்டேன். கொப்பியில் 7 என்று எழுதினேன். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் கொப்பியும் கையில் இருக்கட்டும்.