தராசுக்கும் கணக்குக்கும் நடுவே

ஆடி மாதம் தேனி மாவட்டத்தின் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் எடை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தராசு நிற்காது. மலைக் கணவாய் வழியாக இறங்கிவரும் தென்மேற்குக் காற்று, பந்தலுக்கு வெளியே வைத்த மேடைத் தராசை அசைத்துக்கொண்டே இருக்கும். ஆண்டிபட்டி, கண்டமனூர் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுதான். சிவப்பு எண்கள் 24.6, 24.8, 24.5 என்று தாவும். எடை போடுகிறவர் ஒரு கணம் பார்த்துவிட்டு ‘இருபத்திநாலரை’ என்று குரல் கொடுப்பார். பக்கத்தில் நிற்பவர் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். சாயங்காலம் அந்தச் சீட்டு கடைக்குப் போய்ச் சிட்டையில் ஏறும். இரவு கணக்குப்பிள்ளை அதைக் கணினியில் தட்டுவார்.

ஒரு டிரே பழத்தின் எடை கணக்கில் விழுவதற்குள் மூன்று பேர் கை மாறிவிடுகிறது. இதில் யாரும் ஏமாற்ற வேண்டும் என்பதில்லை. வெயில், களைப்பு, லாரிக்கு நேரமாகிறது என்ற அவசரம், இவை போதும். ஒரு டிரேக்கு 300 கிராம் குறைந்தால் நூறு டிரேக்கு முப்பது கிலோ. அந்த முப்பது கிலோவுக்கும் மருந்தடித்தவர், கவாத்து பண்ணியவர், தண்ணீர் பாய்ச்சியவர் விவசாயிதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்தின் பெயருக்குக் காவல் வந்த பிறகும் அதன் எடைக்குக் காவல் வரவில்லை.

தராசையே கணக்கு மென்பொருளோடு இணைத்துவிட்டால் இந்த மூன்று கைகளும் தேவைப்படாது. அதற்கான கருவிகள் இன்று சிறு கடைக்காரரும் வாங்கக்கூடியவை. ஆனாலும் தேனி, சின்னமனூர், கம்பம் கடைகளில் தராசு ஒரு மூலையிலும் கணினி இன்னொரு மூலையிலும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். இணைத்த இடங்களிலும் அந்த இணைப்பு யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இரண்டையும் பார்க்கலாம்.

மின்னணுத் தராசின் தட்டுக்கு அடியில் ‘லோடு செல்’ என்ற உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு அது வளைகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழையின் மின்தடை அப்போது மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணாக்கிக் காட்டுவதுதான் ‘இண்டிகேட்டர்’ பெட்டி. பல பெட்டிகளின் முதுகில் கம்பி செருகும் ஒரு வாய் இருக்கும். பெரும்பாலும் அது ஆர்எஸ்-232 என்ற முறைக்கானது. 1960இல் வகுக்கப்பட்ட முறை அது, இன்றும் தராசுகள் பேசுவது அதில்தான். அந்தக் கம்பி வழியாக வினாடிக்குப் பல முறை ஒரு வரி வெளியே வரும். எடை எவ்வளவு, அலகு என்ன, எண் நிலைத்துவிட்டதா இன்னும் ஆடுகிறதா என்ற மூன்றும் அதில் இருக்கும். கடைசிக் குறிப்புக்குத்தான் மதிப்பு அதிகம். ஒழுங்காக எழுதிய மென்பொருள், எண் நிலைக்கும்வரை எடையை ஏற்காது. ஆடிக் காற்றில் மறைப்புக் கட்டினால்தான் பில் வரும் என்ற நிலை வந்தால் எடை போடுகிறவர் மறைப்புக் கட்டுவார். மனிதக் கண்ணுக்கு இல்லாத பொறுமை அந்தக் கம்பிக்கு இருக்கிறது.

பிறகு ஏன் இணைப்பதில்லை? பார்கோடு படிக்கும் கருவியை வாங்கிவந்து கணினியில் செருகினால் உடனே வேலை செய்கிறது. கணினியிடம் அது தன்னை ஒரு விசைப்பலகை என்றே சொல்லிக்கொள்கிறது. அது படிக்கும் எண்ணை யாரோ தட்டியதாகவே கணினி எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் மளிகைக் கடைவரை அது வந்துவிட்டது. தராசுகளுக்கு அப்படி ஒரு பொது மொழி அமையவில்லை. ஒரு கம்பெனிப் பெட்டி எடைக்கு முன்னால் குறியீடு போடும், இன்னொன்று பின்னால் போடும், மூன்றாவது கேட்டால்தான் வாய் திறக்கும். டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர் தராசின் எண் நேரே வவுச்சரில் விழ வேண்டும் என்று நினைத்தால் நடுவே ஒரு இணைப்பு நிரலை யாராவது எழுதித்தர வேண்டும். எழுதியவர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டார், தராசு பழுதாகிப் புதியது வாங்கியாயிற்று, கணினியும் மாறிவிட்டது என்றால் அந்த நிரல் செல்லாக் காசு. மறுநாள் காலை கடையில் துண்டுச் சீட்டு திரும்ப வந்துவிடும். கணினி தெரியாததால் வியாபாரிகள் இதைச் செய்யவில்லை என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. ஜிஎஸ்டி வந்த பிறகு அவர்கள் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. தராசு செய்பவர்களும் மென்பொருள் செய்பவர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் தொழில் நடத்துகிறார்கள். நடுவில் இருக்கும் பள்ளம் கடைக்காரர் தலையில் விழுகிறது.

கருவியையும் கணக்கையும் பெரிய அளவில் இணைத்துப் பார்த்த அனுபவம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் 2007இல் தொடங்கியது. அதற்கு முன்பு வாய்விட்டுக் கேட்கும் ஏலம். யார் எவ்வளவு சொன்னார், சுத்தியல் எப்போது விழுந்தது என்பதற்கெல்லாம் சாட்சி அரங்கில் இருந்தவர்களின் காதும் கண்ணும்தான். மின்னணு ஏலத்தில் ஒவ்வொரு வியாபாரிக்கும் முன்னால் ஒரு கருவி. ‘லாட்’ எண்ணும் அளவும் திரையில் வரும். கையில் மாதிரிக் காயை உருட்டிப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துவார். ஏறும் விலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கடைசியாகக் கேட்டவரின் பெயரிலேயே கணக்கு விழும். மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டில் நடந்த ஏலமும் பிறகு புத்தடி நறுமணப் பூங்காவுக்கு மாறியது. 2021இல் இரண்டு மையங்களும் இணைக்கப்பட்டன. போடியில் உட்கார்ந்திருப்பவர் புத்தடி ஏலத்தில் விலை கேட்கலாம், அங்கே இருப்பவர் இங்கே கேட்கலாம். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது அந்த எண்ணை விவசாயியும் வியாபாரியும் திரையில் ஒரே நொடியில் பார்த்தார்கள். வாய்மொழி ஏலத்தால் அதைத் தர முடிந்திருக்காது.

ஏலத்தில் நடந்ததைக் கவனித்துப் பாருங்கள். விலை என்ற எண் எல்லோருக்கும் பொதுவானது. எடை என்ற எண் அதற்கு வெகு முன்பே, காய் வந்து இறங்கும் இடத்தில் மூட்டை தராசில் ஏறும்போதே முடிவாகிவிடுகிறது. திரைக்கு வருவது அந்த எண்ணின் நகல். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் கையில் நிற்பது ஏறத்தாழ ஒரு கிலோ. ஒவ்வொரு நூறு கிராமுக்கும் கணக்குப் பார்க்கும் பொருள் அது. விலைக்கு நாம் காட்டிய அக்கறையில் பாதியையாவது எடைக்கும் காட்டியிருந்தால் தராசிலிருந்து லாட் சீட்டு தானே அச்சாகி விவசாயியின் கைக்குப் போயிருக்கும்.

ரேஷன் கடையில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. 2021 ஜூனில் மத்திய அரசு உணவுப் பாதுகாப்பு விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. கடைகளின் விற்பனைக் கருவியோடு மின்னணுத் தராசை இணைக்க மாநிலங்களை ஊக்குவிப்பதே அதன் நோக்கம். தமிழகத்திலும் புளூடூத் வழியாகத் தராசை அந்த விற்பனைக் கருவியோடு இணைக்கும் வேலை நடந்துவருகிறது. தட்டில் சரியான எடை இருந்தால்தான் பில் வரும். இருபது கிலோ அரிசி வாங்கப்போன பாட்டிக்கு இருபது கிலோ கிடைக்கும். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். 2011 ஜூன் முதல் இந்த மாநிலத்தில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி அது. ஏழை வீட்டின் உலையில் விழவேண்டிய ஒரு கைப்பிடியும் வழியில் சிந்தக்கூடாது.

ஊழியர்கள் சொல்லும் குறைக்கும் காது கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நிறுத்து இணைப்பு கிடைக்கும்வரை காத்திருப்பதால் வரிசை நீள்கிறது என்கிறார்கள். அதைவிடக் கனமான குறை இன்னொன்று உண்டு. கிடங்கிலிருந்து வரும் மூட்டை எடை குறைவாக வருகிறது. ஐம்பது கிலோ என்று கணக்கில் ஏறிய மூட்டையில் நாற்பத்தெட்டே இருந்தாலும் மென்பொருள் ஐம்பதைத்தான் அறியும். கடையின் வாசலில் தராசு கிராம் கிராமாகப் பேசுகிறது. கிடங்கின் வாசலில் மூட்டை எண்ணிக்கை மட்டும் பேசுகிறது. இரண்டு எண்களுக்கும் நடுவே விழும் அரிசிக்குப் பொறுப்பேற்க வைக்கப்படுகிறவர், சம்பளம் குறைந்த கடை விற்பனையாளர். சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் இறுக்கினால் மேலே உள்ள தளர்வெல்லாம் அந்தக் கண்ணியில் வந்துதான் இழுக்கும். இணைப்பு கிடங்கிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். இப்போதாவது கிடங்குத் தராசையும் அதே மென்பொருளோடு இணைத்துவிட்டால் ஊழியரின் குறை பாதி தீர்ந்துவிடும்.

பால்காரர்கள் இதில் நம் எல்லோருக்கும் முன்னோடிகள். தானியங்கிக் கருவி வைத்திருக்கும் பால் சங்கத்தில் பாலின் அளவைத் தராசு சொல்கிறது, கொழுப்பையும் இதர சத்தையும் பகுப்பாய்வுக் கருவி சொல்கிறது, விலையைக் கணினி போடுகிறது. எல்லாம் ஒரே சீட்டில் அச்சாகி, கேனைக் கழுவி எடுக்கும் முன்பே பால் ஊற்றிய அம்மாவின் கைக்கு வந்துவிடுகிறது. கென்யாவின் மலைகளில் சிறு தேயிலை விவசாயிகளும் இப்படித்தான் இலையைக் கொடுக்கிறார்கள். கே.டி.டி.ஏ. என்ற அவர்களது அமைப்பு இலை சேகரிக்கும் இடத்துக்கே இணைப்புத் தராசைக் கொண்டுபோய் அங்கேயே சீட்டு தருகிறது. பாலுக்கும் தேயிலைக்கும் முடிவது திராட்சைக்கும் வாழைக்கும் ஏலக்காய்க்கும் முடியாது என்பதற்குத் தொழில்நுட்பத்தில் ஒரு காரணமும் இல்லை. பொருளைக் கொடுப்பவர் கூட்டமாகச் சேர்ந்து கேட்ட இடத்தில் சீட்டு வந்தது, தனித்தனியாக நின்ற இடத்தில் வரவில்லை.

இணைத்த பிறகும் ஒரு ஆபத்து உண்டு. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இல் வந்தது. அதன் விதிகளின்படி மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை இதைக் கவனிக்கிறது. அதிகாரி எடைக்கல்லை வைக்கிறார், திரையில் எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார், முத்திரை இடுகிறார். ஆனால் இணைக்கப்பட்ட கடையில் பணமாக மாறுவது தராசின் திரையில் உள்ள எண்ணல்ல, கம்பி வழியாகப் போய்க் கணினியில் விழுந்த எண். நடுவில் உள்ள நிரலில் ‘சாக்குக் கழிவு’ என்ற பெயரில் மூட்டைக்கு ஒரு கிலோ தானாகக் கழியும்படி ஒரு வரி எழுதிவிடலாம். முன்பு கழிவைக் குறைக்கச் சொல்லி வாதாடவாவது முடிந்தது. நிரலோடு யார் வாதாடுவது? சர்வதேச எடையளவு அமைப்பான ஓஐஎம்எல், மென்பொருளால் இயங்கும் அளவைக் கருவிகளுக்கென்றே 2008இல் டி 31 என்ற ஆவணத்தை வெளியிட்டது. மாற்றினால் தெரியவேண்டும், தடயம் இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். முத்திரையிட வரும் அதிகாரி அதே எடைக்கல்லுக்குப் பில்லில் என்ன எண் அச்சாகிறது என்பதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். அதற்கு அவருக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். கழிவு இருந்தால் அது சீட்டில் தனி வரியாக, காரணத்தோடு தெரியட்டும். தராசு செய்யும் கம்பெனிகளும் தங்கள் பெட்டி என்ன வரியை எந்த வடிவில் அனுப்புகிறது என்பதைக் கையேட்டில் வெளிப்படையாக அச்சிட வேண்டும். மாதிரிக்கு ஒப்புதல் தரும்போதே இதைக் கட்டாயமாக்கினால் நடுவில் இருக்கும் பள்ளம் பெருமளவு நிரம்பும்.

இந்த இணைப்பை நெல்லில் தொடங்கலாம். முல்லைப் பெரியாறு நீரால் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மூட்டைக்கு நாற்பது கிலோ நிறுக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. ஈரப்பதமானி சொல்வதையும் தராசு சொல்வதையும் மனிதக் கை தொடாமல் ஒரே சீட்டில் அச்சிட்டுத் தர அங்கே தடையென்று எதுவும் இல்லை. பொருளை வாங்குவது அரசு, மென்பொருளும் அரசினுடையது, விவசாயியின் வங்கிக் கணக்கு எண் ஏற்கெனவே அதில் இருக்கிறது.

முதல் போக அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வரும். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு கொள்முதல் நிலையத்திலாவது அதற்குள் இதைச் செய்துகாட்டுமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். நெல் கொண்டுபோகும் விவசாயிகளும் எடைச்சீட்டு கைக்கு வரும்வரை தராசை விட்டு நகரவேண்டாம்.