ரோஜாவுக்குள் ஒரு பழக்கடை

சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கியதும் திருப்பூர் இளைஞர்கள் பலரின் கால்கள் போகும் இடங்களில் ஒன்று, சென்ட் கடை. ஆறு நாள் பஞ்சுத் தூசு, அயர்ன் டேபிள் ஆவி, வியர்வை. ஏழாம் நாளாவது கொஞ்சம் மணக்க வேண்டாமா? நியாயம்தான். வாங்கும் விதத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கடைக்காரர் அட்டைத் துண்டில் 'புஸ்' என்று அடித்து நீட்டுவார். "ரோஸும் ஃப்ரூட்டும் மிக்ஸுங்ணா, மோந்து பாருங்க!" மோந்தால் பேரிக்காய், லிச்சி, ராஸ்பெர்ரி என்று ஒரு பழக்கடையே மூக்குக்குள் நுழையும். கை தானாகப் பர்ஸுக்குப் போகும்.

கொஞ்சம் பொறுங்கள். பாட்டிலில் இருப்பது ஒரு வாசனை அல்ல, ஒரு ஊர்வலம். சீக்கிரம் ஆவியாகும் சரக்கு முன்னால் போகும். பேரிக்காய், எலுமிச்சையெல்லாம் கால் மணி நேரத்தில் ஆள் அட்ரஸ் இருக்காது. பின்னாலேயே ரோஜா வந்து ஓரிரண்டு மணி நேரம் நிற்கும். கடைசியில் வரும் சந்தனமும் மஸ்க்கும்தான் சாயங்காலம் வரை உங்களோடு குடித்தனம் நடத்தப் போகிறவை.

பழத்துக்கும் ரோஜாவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பழம் ரோஜாவுக்குள்ளேயே இருக்கிறது. ரோஜா எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரோனெல்லால், ஜெரானியால் போன்றவை. டமாசெனோன் என்று ஒன்று, ஒரு சதவீதத்துக்கும் எவ்வளவோ கீழே. ஆனால் அந்தத் துளியையும் மூக்கு கண்டுபிடித்துவிடும். வெந்த ஆப்பிள், பிளம் பழ வாசனை! பல்கேரிய ரோஜா எண்ணெயில் இதைக் கண்டுபிடித்து ஃபிர்மெனிஷ் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் 1970-ல் வெளியிட்டார்கள். பழ ரோஜா சென்ட் செய்கிறவர் புதிதாக எதையும் ஒட்டவில்லை. பூ ரகசியமாகச் சொன்னதை மைக் வைத்துச் சொல்கிறார்.

நூற்றைம்பது ரூபாய் பாட்டிலில் நிஜ ரோஜாவைத் தேடாதீர்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 5,000 கிலோ வரை பூ வேண்டும். ஃபினைல் எத்தில் ஆல்கஹால் முதலானவற்றை ஃபேக்டரியில் செய்து கலக்கிறார்கள். அதுவும் ரோஜாவில் உள்ளதுதான். தண்ணீரில் கரையும். கல்யாண வாசலில் நம் தலையில் தெளிக்கிற பன்னீரின் மணத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கும் நண்பரோடு ஒரு நாள் கடைக்குப் போயிருந்தேன். மணிக்கட்டில் அடித்துக்கொண்டு, "டீ சாப்பிட்டு வந்தர்றோங்ணா" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மோந்தார். பழம் போய், ரோஜாவும் மெலிந்து, துணி சோப்பு வாசனைதான் மிச்சம். "வேண்டாங்ணா" என்றார். கடைக்காரர் முகம் சுருங்கியது.

"ஏங்க, பீஸைத் துவைச்சு ஷ்ரிங்கேஜ் பார்க்காம பையர் ஓகே பண்ணுவானா? இதுவும் வாஷ் டெஸ்ட்தாங்க" என்றார் என்னிடம்.

சரியான பேச்சு. அட்டைக்கு உடம்புச் சூடு கிடையாது, எண்ணெய்ப் பசை கிடையாது, வியர்வை கிடையாது. அட்டையில் மணப்பது அட்டைக்கு. போட்டுக்கொள்ளப் போவது நீங்கள்.

வியர்வை என்றதும் இன்னொன்று. 2014-ல் பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தார் 26 பேரைச் சைக்கிள் மிதிக்கவிட்டு, அவர்களுடைய டி-ஷர்ட்டுகளை மறுநாள் மோந்து பார்க்க ஆள் வைத்தார்கள் (என்ன உத்தியோகம்!). பாலியஸ்டர்தான் காட்டனைவிட அதிகம் நாறியது. நாற்றம் உண்டாக்கும் ஒரு வகை பாக்டீரியாவுக்கு அது தோதான இடமாம்.

ஆகவே இளைஞர்களே, முதலில் குளியல், அதன் மேல் துவைத்த காட்டன் பனியன். பனியனுக்கு நம் ஊரில் பஞ்சமா? சென்ட் அப்புறம். அதையும் டீ குடித்துவிட்டு வந்து வாங்குங்கள்.