கஞ்சாவுக்கு ‘ஆர்கானிக்’ முத்திரை: நம்ப வேண்டியது கடைசி நேரத் தண்ணீரையா, மண்ணையா?

கலிஃபோர்னியாவில் 21 வயது நிரம்பிய ஒருவர் லைசென்ஸ் பெற்ற கடைக்குப் போய் கஞ்சா வாங்கலாம். 2016 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய ‘பிரபோசிஷன் 64’ அதற்கு வழிவிட்டது. 2018 ஜனவரி 1 முதல் சட்டப்படி விற்பனை நடக்கிறது. டப்பாக்களின் மேல் ‘வெயிலில் வளர்ந்தது’, ‘உயிருள்ள மண்ணில் வளர்ந்தது’ என்று என்னென்னவோ எழுதியிருப்பார்கள். ஆனால் ஒரு வார்த்தையை மட்டும் எழுத முடியாது. அது ‘ஆர்கானிக்’.

தக்காளிக்கு எழுதலாம், கீரைக்கு எழுதலாம். துளி ரசாயன உரம்கூடப் போடாமல் வளர்த்த கஞ்சாவுக்கு எழுதக் கூடாது. ஏன்?

ஒரே செடி, இரண்டு சட்டம்

அமெரிக்காவில் ‘ஆர்கானிக்’ என்ற சொல்லின் சாவி மத்திய வேளாண் துறையிடம் இருக்கிறது. 1990-ல் வந்த இயற்கை உணவு உற்பத்திச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. மாநிலங்கள் என்னதான் அனுமதித்தாலும், மத்திய சட்டத்தின் பார்வையில் கஞ்சா தடை செய்யப்பட்ட பொருள். தடை செய்த பொருளுக்கு மத்திய அரசே தர முத்திரை குத்துமா? குத்தாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘டிஹெச்சி’ என்ற போதை தரும் வேதிப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அதே செடிக்கு ‘ஹெம்ப்’ என்று பெயர். 2018 பண்ணைச் சட்டம் அதைத் தடைப் பட்டியலிலிருந்து விடுவித்தது. எனவே ஹெம்ப்புக்கு ‘ஆர்கானிக்’ சான்று கிடைக்கும். ஒரே மண், ஒரே மட்கிய உரம், ஒரே விவசாயி. ஆனால் ஒரு செடிக்கு முத்திரை உண்டு, பக்கத்துச் செடிக்குக் கிடையாது.

இந்த இடைவெளியை அடைக்க, கலிஃபோர்னியாவின் உணவு, வேளாண் துறை 2021-ல் ‘ஓகால்’ என்ற மாநிலச் சான்றைக் கொண்டுவந்தது. ‘ஆர்கானிக்குக்கு இணையானது’ என்பதுதான் அதன் பொருள். தனியார் அமைப்பான ‘சன் பிளஸ் எர்த்’தும் வெயிலில், மண்ணில், ரசாயனம் இல்லாமல் வளர்ப்பவர்களுக்குச் சான்று தருகிறது. ஆனால் கடையில் நிற்கும் வாடிக்கையாளருக்குத் தெரிந்த வார்த்தை ‘ஆர்கானிக்’ மட்டும்தான். ‘ஓகால்’ என்றால் என்ன என்று எத்தனை பேர் நின்று கேட்பார்கள்?

உயிருள்ள மண் என்றால்?

நம்ம ஊர் இயற்கை விவசாயிகளுக்கு இது புது விஷயமே இல்லை. மட்கிய உரம், மண்புழு உரம், மூடாக்கு, பசுந்தாள் உரப்பயிர். செடிக்கு நேரடியாக ஊட்டுவதில்லை, மண்ணுக்கு ஊட்டுகிறார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, வேர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. வடக்கு கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி ஆகிய மலை மாவட்டங்களில் சிறு விவசாயிகள் பலர் இப்படித்தான் வளர்க்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரானது உள்ளரங்குப் பண்ணை. மூடிய கட்டடம், பளீர் விளக்குகள், ஏசி, தண்ணீரில் கரைத்த உப்பு உரங்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் ‘நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி’ இதழில் வெளியிட்ட கணக்கு இது: உள்ளரங்கில் ஒரு கிலோ உலர்ந்த பூவை உருவாக்க, இடத்தைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயு வெளியாகிறது. வெயில் இலவசமாகத் தருவதை மின்சாரத்தில் வாங்குவதன் விலை அது.

கடைசி இரண்டு வார சடங்கு

கஞ்சா வளர்ப்பவர்களிடையே ‘ஃப்ளஷிங்’ என்றொரு பழக்கம் உண்டு. அறுவடைக்கு முந்தைய ஓரிரு வாரங்களுக்கு உரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீராக ஊற்றுவார்கள். பூவில் தேங்கிய உப்பெல்லாம் வெளியேறிவிடும், புகை தொண்டையைக் கரகரக்க வைக்காது, சாம்பல் வெள்ளையாக வரும் என்பது நம்பிக்கை. ‘நாங்கள் ஃப்ளஷ் செய்கிறோம்’ என்பதே ஒரு தரச்சான்று மாதிரி ஆகிவிட்டது.

செடி என்ன பைப்பா, கீழே தண்ணீர் விட்டால் மேலே அழுக்கு போக? பூவின் திசுக்களில் சேர்ந்துவிட்ட சத்துகள் வேரில் ஊற்றும் தண்ணீரால் கழுவப்படுவதில்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2017-ல் சமர்ப்பிக்கப்பட்ட முதுநிலை ஆய்வேடு இதைச் சோதித்தது. பூவிலிருந்த தாதுக்கள் ஃப்ளஷிங்கால் பெரிதாகக் குறையவில்லை. 2019-ல் ‘ஆர்எக்ஸ் கிரீன் டெக்னாலஜிஸ்’ நிறுவனம் 14, 10, 7, 0 நாள் என நான்கு விதமாக ஃப்ளஷ் செய்து பார்த்தது. விளைச்சலிலும் வீரியத்திலும் மணத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ருசி பார்த்தவர்களுக்கு, ஃப்ளஷ் செய்யாததுதான் சற்றே கூடுதலாகப் பிடித்திருந்தது. அது உரம் விற்கும் கம்பெனி என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ‘ஃப்ளஷ் செய்தால் சுத்தம்’ என்பவர்களிடம் இதற்கு நிகரான ஆதாரம் இல்லை.

மண்ணில் வளரும் செடிக்கு இந்தச் சடங்கு இன்னும் அர்த்தமற்றது. அங்கே சத்து உப்புக் கரைசலாக நிற்பதில்லை. மட்கிலும் களிமண்ணிலும் நுண்ணுயிர்களிலும் பிடிபட்டிருக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் நைட்ரேட் மட்டும் கரைந்து நிலத்தடிக்கும் ஓடைக்கும் போகும்.

கடைசி வாரங்களில் இலை மஞ்சளாவதைக் காட்டி ‘பாருங்க, சுத்தமாகுது’ என்பார்கள். செடி முதிரும்போது பழைய இலைகளிலிருந்து தழைச்சத்தை எடுத்துப் பூவுக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். நெற்பயிர் முற்றி மஞ்சளாவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசா என்ன? புகையின் கரகரப்பில் பெரும் பங்கு அறுவடைக்குப் பிறகு எவ்வளவு நிதானமாக உலர்த்திப் பதப்படுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது.

கீரையைக் கழுவலாம், புகையை?

இவ்வளவு அலசல் ஏன்? கீரையை வாங்கினால் கழுவி, வேகவைத்து, வயிற்றுக்கு அனுப்புகிறோம். கஞ்சாவை யாரும் கழுவுவதில்லை. எரித்து நேராக நுரையீரலுக்கு அனுப்புகிறார்கள். திராட்சைத் தோட்டங்களில் சகஜமாகத் தெளிக்கப்படும் ‘மைக்ளோபியூட்டனில்’ என்ற பூஞ்சைக்கொல்லி, சூடாக்கும்போது ஹைட்ரஜன் சயனைடை வெளியிடக்கூடியது. கலிஃபோர்னியா அதைக் கஞ்சாவில் தடை செய்திருக்கிறது.

அப்படியானால் ‘ஆர்கானிக்’ முறை என்றாலே பாதுகாப்பா? அதுவும் இல்லை. இந்தச் செடி மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சுவதில் கெட்டி. செர்னோபில் அருகே மாசடைந்த மண்ணைச் சுத்தப்படுத்தவே ஹெம்ப்பை நட்டுச் சோதித்திருக்கிறார்கள். மண்ணில் காட்மியமோ ஈயமோ இருந்தால், உரம் எவ்வளவு இயற்கையாக இருந்தாலும் அது செடிக்குள் வரும். நுண்ணுயிர் நிறைந்த சூழலில் ‘ஆஸ்பர்ஜில்லஸ்’ பூஞ்சையும் இருக்கலாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த புற்றுநோயாளிக்கு அது உயிருக்கே ஆபத்து. வலிக்காகவும் குமட்டலுக்காகவும் கஞ்சாவைத் தேடி வருபவர்களில் அவர்களும் உண்டு.

அதனால்தான் பூச்சிக்கொல்லி, கன உலோகம், பூஞ்சை என எல்லாவற்றுக்கும் லேப் பரிசோதனையைக் கலிஃபோர்னியா கட்டாயமாக்கியது. ஆனால் அந்த வேலியிலும் ஓட்டை. ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளிதழ் 2024 ஜூனில் வெளியிட்ட புலனாய்வில், கடைகளில் வாங்கிச் சோதித்த 42 சட்டப்பூர்வப் பொருட்களில் 25-ல் பூச்சிக்கொல்லி அளவு, மாநில வரம்பையோ புகையிலைக்கான மத்திய வரம்பையோ தாண்டியிருந்தது. லேப்புக்குப் பணம் கொடுப்பவரே பொருளைத் தயாரிப்பவர் என்றால், சாதகமான ரிசல்ட் தரும் லேப் எது என்று தேடாமல் இருப்பார்களா?

நஷ்டம் யாருக்கு?

மண்ணை நம்பும் சிறு விவசாயிக்குத்தான். சட்டப்பூர்வச் சந்தை வந்த பிறகு, சிறு லைசென்ஸ்களை அடுக்கடுக்காக வாங்கிப் பெரும் பண்ணைகள் வளர்ந்தன. 2021-க்குப் பிறகு மொத்த விலை சரிந்தது. தன் சரக்கு வேறு ரகம் என்று சொல்ல அந்த விவசாயியிடம் இருக்க வேண்டிய ஒரே ஆயுதம் ‘ஆர்கானிக்’ என்ற சொல். அதைச் சட்டம் பிடுங்கி வைத்திருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் ‘நேச்சுரல்’, ‘க்ளீன்’, ‘ஃப்ளஷ்டு’ என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கக்கூடிய வார்த்தைகள் குடியேறுகின்றன.

எனவே செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, மாநிலங்கள் அனுமதித்த செடிக்கு, தகுதி இருந்தால் ‘ஆர்கானிக்’ சான்று வாங்கும் உரிமையை மத்திய அரசு தர வேண்டும். முத்திரை தருவது போதையை ஆதரிப்பது ஆகாது. விற்கப்படும் பொருளைப் பற்றி உண்மையைச் சொல்ல அனுமதிப்பது. இரண்டு, லேப்பை உற்பத்தியாளர் தேர்ந்தெடுக்கும் முறை போக வேண்டும். கடை அலமாரியிலிருந்தே மாதிரி எடுத்து அரசு சோதிக்க வேண்டும். எப்படி வளர்ந்தது என்பதை முத்திரை சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பரிசோதனை சொல்லும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை.

ஒரு முக்கியமான விஷயம்: இதெல்லாம் கலிஃபோர்னியா கதை. இந்தியாவில் 1985-ன் என்.டி.பி.எஸ் சட்டப்படி அனுமதியில்லாமல் கஞ்சா செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மாடித்தோட்டத் தொட்டியில் வளர்த்தாலும், இயற்கை உரமே போட்டாலும் அதேதான்.

ஆனால் ‘ஆர்கானிக்’ என்ற வார்த்தைக்குக் கூடுதல் காசு கொடுப்பது நம்ம ஊரிலும் நடக்கிறது. கீரையோ, அரிசியோ, நாட்டுச் சர்க்கரையோ, அடுத்த முறை அந்த லேபிளைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: சான்று கொடுத்தது யார்? சோதித்தது யார்?