சிரிக்க வைக்கும் உரிமை யாருக்கு?

மாற்றுத்திறனாளிகளை மேடையேற்ற வேண்டும் என்றால் நம்மில் யாரும் மறுப்பதில்லை. ஆனால் எந்த நாடகத்தில்? விழிப்புணர்வு நாடகம், கண்ணீர்க் கதை, தன்னம்பிக்கைக் கதை, அவ்வளவுதான். குடும்ப நகைச்சுவை என்றதும் தயங்குகிறோம். 'பார்க்கிறவர்கள் கேலி செய்துவிட்டால்?' என்கிறோம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2023இல் வந்த 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்தி குடும்ப நகைச்சுவைப் படத்தில் மறதி நோயாளியும், காது கேளாதவரும், திக்கிப் பேசுபவரும்தான் கேலிப் பொருள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூலை 8 தீர்ப்பு படத்தில் தலையிடவில்லை. ஆனால் இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. சிரிப்பே கூடாது என்று சொல்லவில்லை, தோழர்களே!

அப்படியானால் யார் நடிக்கிறார்கள் என்பதே கேள்வி. 2014இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் காது கேளாத பெற்றோராக நடித்தவர்கள் காது கேட்பவர்கள். அதே கதை 2021இல் அமெரிக்காவில் 'கோடா' ஆனபோது காது கேளாதவர்களே நடித்தார்கள். மகளை அவள் நண்பன் முன்னால் கூச்சத்தில் நெளிய வைக்கும் அப்பாவாக நடித்த ட்ராய் கோட்சருக்கு 2022இல் ஆஸ்கர் கிடைத்தது. நாம் சிரித்தது அவர் காதைப் பார்த்து அல்ல, அப்பாத்தனத்தைப் பார்த்து. அவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் 'டெஃப் வெஸ்ட்' நாடகக் குழுவில் பல ஆண்டுகள் நடித்தவர். குழு இருந்ததால்தான் நடிகர் உருவானார்.

பிரிட்டனில் 1980இல் தொடங்கிய 'கிரேயே' குழு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சைகை மொழி, திரையில் வசனம், பார்வையற்றோருக்கான ஒலி விவரிப்பு எல்லாவற்றையும் மேடையோரம் ஒதுக்காமல் நாடகத்துக்குள்ளேயே சேர்க்கிறது.

தலித்துகளுக்கு இது புதிய பாடமல்ல. நம்மைப் பற்றிய பாத்திரங்கள் எப்போதும் இருந்தன. எழுதவும் இயக்கவும் நடிக்கவும் நம்மை விடவில்லை. தியாகியாகவோ பலியாளாகவோ மட்டும் காட்டுவதும் நம்மை முழு மனிதராக ஏற்க மறுப்பதுதான். கோபக்காரராக, கஞ்சராக, பொய் சொல்லி மாட்டிக்கொள்பவராக இருக்கும் உரிமையும் உரிமைதான்.

எனவே அடுத்த கல்லூரி விழாவில் ஒரு குடும்ப நகைச்சுவையைப் போடுவோம். சிடுசிடு மாமியாரையும் கடனை மறைக்கும் மாமனாரையும் மாற்றுத்திறனாளித் தோழர்களிடம் கொடுப்போம். எது கேலி, எது நகைச்சுவை என்பதை ஒத்திகையில் அவர்களே முடிவு செய்யட்டும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அரங்க வாசலுக்கு மட்டுமல்ல, மேடைக்கும் ஒப்பனை அறைக்கும் சாய்தளம் கேட்போம்.