கெண்டைக்காலும் முள்ளங்கியும்

தென்கொரியாவில் ஒரு பெண்ணின் கால் பருத்திருப்பதைக் கேலி செய்ய ஒரு சொல் உண்டு: 'மு-தாரி'. முள்ளங்கிக் கால் என்று பொருள். ஜப்பானியரிடம் அதே வசை 'தைக்கோன் அஷி' என்று வழங்குகிறது. முழங்காலுக்குக் கீழே, பின்புறம் திரண்டு நிற்கும் சதைதான் இந்தக் கேலியின் முதல் இலக்கு. அதை மெலிய வைப்பதற்கென்றே சியோல் நகரின் அழகு மருத்துவ நிலையங்களில் ஊசியும் கத்தியும் மின்முனையும் காத்திருக்கின்றன. விளம்பரம் செய்வோரும் விலை விசாரிப்போரும் ஒருங்கே இதைச் 'சிகிச்சை' என்கிறார்கள். நமது வழக்கு முதலில் அந்தச் சொல்லோடுதான்.

நடப்பது என்ன? கெண்டைக்காலின் பருமனுக்குப் பெரும்பாலும் காரணம் கொழுப்பன்று, தசை. ஆகவே கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் வித்தை இங்கே அதிகம் எடுபடுவதில்லை. தசை சிறுக்க வேண்டுமானால் அதன் வேலையைப் பறிக்க வேண்டும். ஒரு வழி, பொட்டுலினம் நச்சைத் தசைக்குள் செலுத்துவது. நரம்பின் கட்டளை தசையைச் சென்றடையாதபடி அது தடுக்கிறது. வேலையிழந்த தசை மெல்ல வற்றுகிறது. சில மாதங்களில் நச்சின் வீரியம் தணிந்ததும் தசை மறுபடி தன் வேலைக்குத் திரும்பும்; மறுபடி ஊசி, மறுபடி பணம். இன்னொரு வழி, முழங்காலின் பின்மடிப்பில் கீறி, தசைக்குச் செல்லும் நரம்புக் கிளையைத் தேடிப் பிடித்து வெட்டிவிடுவது. அல்லது மின்முனையைச் செருகி, அந்நரம்பை வெப்பத்தால் சுட்டுவிடுவது. தசையையே அரிந்து எடுப்பதும் உண்டு. இவற்றுக்கு மருத்துவ ஏடுகளில் என்ன பெயர் இருந்தாலும் தமிழில் ஒரே பெயர்தான்: முடக்குதல். இளம்பிள்ளை வாதத்தில் நரம்பணுக்கள் செத்துக் கால் சூம்பிப் போனால் அதை நோய் என்கிறோம். அந்தச் சூம்பலையே விலை கொடுத்து வாங்கினால் அழகாகிவிடுமா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் சிலருக்கு இதே கெண்டைக்கால் தசை இறுகிவிடுகிறது. குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தால் நடக்கிறார்கள். அவர்களுக்கும் இதே நச்சை, இதே தசையில்தான் செலுத்துகிறார்கள். பாதம் முழுதும் மண்ணில் பதிந்து அக்குழந்தை நடக்க வேண்டும் என்பது நோக்கம். சிகிச்சை என்ற சொல்லுக்கு அங்கே முழு உரிமை உண்டு. நன்றாக நடக்கிற ஒருத்தியின் தசையை, நடந்த சுவடு காலில் தெரியலாகாது என்பதற்காக முடக்கும் காரியத்துக்கு அந்தச் சொல்லை எந்த நியாயத்தில் இரவல் கொடுப்பது?

கத்தி பிடிப்பவர்களிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. மேல்தசையின் ஒரு பகுதியைத்தானே செயலிழக்க வைக்கிறோம், அடியிலுள்ள தசை நடையைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்த்துக்கொள்ளும்தான். ஒருவனை வேலையிலிருந்து விலக்கிவிட்டு அவன் சுமையை மற்றவன் தலையில் ஏற்றினால் அவனும் எப்படியோ சுமப்பான். ஆனால் சுமக்கிற அந்த அடித்தசையே ஈடுகட்டப் பருத்துவிடுவதுண்டு. இரு கால்களும் ஒன்றுபோல் அமையாமல் போவதும், மேடுபள்ளமாவதும், தோலில் உணர்விழப்பும், படியேறுகையில் தளர்ச்சியும் மருத்துவர்களே பதிந்திருக்கும் விளைவுகள். நிற்கையில் காலில் தேங்கும் குருதியை மேலே தள்ளுவதும் கெண்டைக்கால் தசைகளின் வேலை என்பது உடலியலின் முதற்பாடம்.

சியோல் மேடும் சரிவுமான நகரம். வார இறுதியில் புக்கான்சான் மலையில் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். அவர்களில் வயதான பெண்கள் ஏராளம். நடையால் உரமேறிய கால்கள் அவை. அதே நகரத்தில்தான் அந்த உரம் குறைபாடாக விற்கப்படுகிறது.

உவமை எப்படி வசையாகிறது என்பது இலக்கியம் படிப்போர் யோசிக்க வேண்டிய விஷயம். 712ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜப்பானிய நூலான கொஜிகியில் நின்தோகு மன்னர் தம் அரசியின் வெண்கரங்களை முள்ளங்கிக் கிழங்குக்கு ஒப்பிட்டுப் பாடுகிறார். அன்று அது புகழ்ச்சி. நம்மிடமோ சதையின் பெயரிலேயே கெண்டை மீன் நீந்துகிறது. கிட்கிந்தா காண்டத்தில் அனுமனிடம் சீதையின் அடையாளம் சொல்லும் இராமன் வாயிலாகக் கம்பன் கணைக்காலுக்குத் தரும் உவமைகள் சினைவரால், அம்பறாத்தூணி, சூல்கொண்ட நெற்பயிர். மூன்றும் உள்ளே நிறைந்தவை. பெண்ணுடலை அடிமுதல் முடிவரை அளந்து பாடிய ஆண் புலவர் மரபை நாம் இங்கே தூக்கிப்பிடிக்கவில்லை. அதன்மீது நமக்குத் தனி வழக்கு இருக்கிறது. ஆயினும் திரட்சியைப் பார்த்து நிறைவு என்று சொன்ன கண் ஒன்று இருந்தது. ஒல்லிதான் இயற்கை, அதுவே என்றைக்குமான அழகு என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்?

'அவள் உடல், அவள் விருப்பம். இடையில் நீங்கள் யார்?' என்று கேட்கலாம். மேசையில் படுத்திருக்கும் பெண்ணோடு நமக்குச் சண்டையே இல்லை. பள்ளிச் சீருடைப் பாவாடையின் கீழே தெரியும் காலைப் பார்த்து முள்ளங்கி என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவளுக்கு அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. இதை வெளியிலிருந்து நாம் உபதேசிக்க வேண்டியதும் இல்லை. 2018இல் 'இறுகு கச்சையைக் கழற்று' என்ற இயக்கத்தில் கொரியப் பெண்களே முடியைக் கத்தரித்து, ஒப்பனைப் பொருள்களை நொறுக்கிப் படமெடுத்து உலகுக்குக் காட்டினார்கள்.

தடைச்சட்டம் வேண்டும் என்றுகூட நாம் கேட்கவில்லை. நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் 'கெண்டைக்கால் மெலிவுச் சிகிச்சை' என்ற வரியை அடித்துவிட்டு, 'ஆரோக்கியமான நடைத்தசை ஒன்றைச் செயலிழக்கச் செய்தல்' என்று அச்சிடட்டும். பிறகு எத்தனை பேர் கையெழுத்திடுகிறார்கள் என்று பார்ப்போம்.